எட்சிங்கில் ஓலை எழுதும் சமண முனிவர்: குறுக்குக்கோடு சாம்பலாக அச்சாகிறது, விளக்கொளி எப்படிக் கொண்டுவருவது?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

வணக்கம். பாடலி சமணப் பள்ளியை வைத்து ஓர் எட்சிங் போடுகிறேன் (செம்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, கீறிய இடத்தைக் கரைசலில் அரித்து, மை ஏற்றி அச்செடுக்கும் படம்). சர்வநந்தி முனிவர், உலக அமைப்பைச் சொல்லும் சமண நூலான லோகவிபாகத்தை எழுதும் காட்சி. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458, காஞ்சிச் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. அந்த நூலில் வரும் பாடலிகா நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஊரில் இதற்கு ஒரு படம்கூட இல்லை, அதனால்தான் எடுத்துக்கொண்டேன்.

மாதிரியாக மனதில் இருப்பது ரெம்பிராண்ட் 1642இல் செய்த இருட்டறை ஜெரோம் (கிறித்தவத் துறவி ஜெரோம் இருட்டறையில் இருக்கும் எட்சிங்). என் படத்தில் இருண்ட அறை, மேசை மேல் ஒரு எண்ணெய் விளக்கு, குனிந்து எழுதும் துறவி, சுற்றிலும் திறந்த சுவடிகள். தகடு செம்பு, 15 × 20 செ.மீ., 18 கேஜ். கிரவுண்ட் (தகட்டின் மேல் பூசும் மெழுகுப் பூச்சு) வீட்டிலேயே காய்ச்சியது: தேன்மெழுகு 2, பிட்டுமென் 2, ரோசின் 1. எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய பெர்ரிக் குளோரைடு கட்டி, லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ. பிளாஸ்டிக் தட்டில் படம் மேலே பார்க்க வைத்து 45 நிமிடம்.

சோதனைத் தகட்டில் மூலை இருட்டுக்காக நான்கு திசையில் நெருக்கமாகக் குறுக்குக்கோடு போட்டிருந்தேன். அந்த இடம் ஓரத்தில் மட்டும் கறுப்பாகவும் நடுவில் சாம்பலாகவும் அச்சாகிறது. இன்னும் அதிக நேரம் அரிக்கவிட வேண்டுமா? விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போல வெளிச்சம் மெல்லக் குறைவதற்கு எத்தனை கட்டமாக அரிக்க வேண்டும்?

செம்புத்தகடு (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நண்பரே, நேரத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். நீங்கள் சொல்வது கோடுகள் ஒன்றோடொன்று உடைந்து கலந்துவிட்டதன் அடையாளம். பெர்ரிக் கீழ்நோக்கி அரிக்கும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் அரிக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே 0.3 மி.மீ. மட்டும் விட்டு, அதையும் நான்கு திசையில் வெட்டினால், நடுவில் நிற்கும் குட்டிக் குட்டிக் கிரவுண்ட் சதுரங்களுக்குப் பிடிமானம் போய்விடும். அவை பெயர்ந்ததும் அந்த இடம் முழுக்க ஒரே ஆழமற்ற பள்ளம். பள்ளத்துக்குள் மையைப் பிடித்து நிறுத்தச் சுவர் வேண்டும். சுவர் இல்லாத அகலப் பள்ளத்திலிருந்து துணி மையைத் துடைத்துக்கொண்டு போய்விடும். ஓரம் மட்டும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அங்கே இன்னும் ஒரு சுவர் இருப்பதுதான்.

சரிசெய்யும் முறை: ஒரே கிரவுண்டில் நான்கு திசையும் வேண்டாம். முதல் கிரவுண்டில் ஒரு திசைக் கோடு மட்டும், அரை மி.மீ. இடைவெளியில். அரித்து, கிரவுண்டை மண்ணெண்ணெயால் கழுவி, எண்ணெய்ப் பசை நீக்கி, மறுபடி கிரவுண்ட் போட்டு இரண்டாம் திசை. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் கோட்டுச் சுவர் முழுசாக நிற்கும். ரெம்பிராண்டின் இருட்டும் ஒரே மூச்சில் வந்ததல்ல. அந்தத் தகட்டில் எட்சிங்கோடு ட்ரைபாயிண்ட்டும் (அரிக்காமல் ஊசியால் நேரே செம்பில் கீறுவது) பியூரின் (செம்பை வெட்டும் சிற்றுளி) வேலையும் சேர்ந்திருக்கின்றன. கடைசிக் கறுப்பை நீங்களும் ட்ரைபாயிண்ட்டில் போடலாம். ஊசி கிழிக்கும்போது எழும் செம்புச் சுருள் மையைப் பிடித்து வெல்வெட் மாதிரிக் கறுப்பு தரும். ஆனால் பிரஸ் அழுத்தத்தில் அது நசுங்கிக்கொண்டே போகும். பத்து, இருபது பிரதிக்கு மேல் அந்தக் கறுப்பு இருக்காது. பதிப்பு எண்ணிக்கையை இப்போதே முடிவுசெய்து கொள்ளுங்கள்.

அடுத்தது தட்டில் தகட்டை வைக்கும் விதம். வெறும் பெர்ரிக்கில் படம் மேலே பார்த்தால் இரும்பு வண்டல் கோட்டுக்குள் படிந்து அரிப்பை அடைத்துவிடும். நான்கு மூலையில் சிறு பிளாஸ்டிக் கட்டை வைத்துத் தகட்டைக் குப்புறப் போடுங்கள், அல்லது செங்குத்தாக நிறுத்துங்கள். படம் மேலே பார்க்கத்தான் வேண்டும் என்றால் சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஒரு பங்கு சிட்ரிக் தூளை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் ஒரு பங்கை அடர்ந்த பெர்ரிக் கரைசல் நான்கு பங்கோடு கலப்பது. வண்டல் கட்டாது, அரிப்பும் வேகமாகும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைப்பது இதே பொருள்தான்.

நேரம் பற்றி ஒன்று. புத்தகங்களில் வரும் நிமிடக் கணக்கு 20 டிகிரி அறைக்கானது. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் கரைசலே 33, 34 டிகிரியில் இருக்கும். அரிப்பு ஏறக்குறைய இரு மடங்கு வேகம். ஆகவே 45 நிமிடம் என்ற எண்ணை மறந்துவிட்டு, அதே தகட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டில் 3, 6, 12, 24 நிமிடம் என்று படிக்கட்டு எடுங்கள். பெர்ரிக் கட்டியைக் கரைத்த அன்றே சோதிக்கக் கூடாது. கரையும்போதே கரைசல் நன்றாகச் சூடேறும், அந்தச் சூட்டில் மெழுகு கிரவுண்ட் இளகிவிடும். கட்டியைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், தண்ணீரைக் கட்டி மேல் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத் தட்டு, கரண்டி எதுவும் அருகில் வேண்டாம், அது கொதித்துப் பொங்கும்.

வெயில் காலத்துக்கு உங்கள் 2:2:1 கிரவுண்டும் சற்று மென்மை. உள்ளங்கைச் சூட்டிலேயே ஒட்டும். மெழுகை ஒன்றரையாகக் குறையுங்கள். ரோசினைக் கூட்டிக் கெட்டியாக்கப் பார்க்காதீர்கள், அது அதிகமானால் ஊசி படும் இடத்தில் கிரவுண்ட் சில்லாக உடையும். கை ஊன்ற, இரு பக்கம் கட்டை அடித்த ஒரு மரப்பலகையைத் தகட்டின் குறுக்கே பாலமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கடற்காற்று அடிக்கும் மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கிரவுண்ட் போட்டால் தூசியும் நுண்மணலும் படிந்து, ஒவ்வொரு துகளும் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாக அச்சில் வரும்.

ஓலைக்கட்டு (புதுச்சேரி)

தொழில்நுட்பம் செம்புத்தகடு அண்ணன் சொல்லிவிட்டார். படத்தின் உள்ளே இருக்கும் ஒரு சிக்கலைச் சொல்கிறேன். செம்பில் ஊசி வைக்கும் முன் கேளுங்கள்.

விளக்கை எடுத்துவிடுங்கள். லோகவிபாகம் திகம்பர மரபு நூல், அதாவது ஆடை துறந்த முனிவர்களின் சமணப் பிரிவைச் சேர்ந்தது. சமண முனிவர் தீ மூட்டமாட்டார், விளக்கு ஏற்றமாட்டார். சுடரில் விழும் பூச்சியின் உயிரும் உயிர்தான் என்பது அவர் விரதம். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதும் சமண முனிவர் என்ற படம், விஷயம் தெரிந்த தமிழ்ச் சமணர் ஒருவர் பார்த்த உடனே தவறாகும். திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் சமணக் கோயிலுக்கு ஒருமுறை போய் அங்குள்ளவர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் மட்டுமே வைக்க முடியும்.

கவனித்தால் நீங்கள் மாதிரியாகக் கொண்ட 1642 படத்திலும் வெளிச்சம் ஜன்னலிலிருந்துதான் வருகிறது. சுழல் படிக்கட்டும் அறையும் இருட்டில் கரைந்திருக்க, ஜன்னல் மட்டும் வெள்ளை. டூரர் 1514இல் செய்த ஜெரோம், எட்சிங் இல்லை, பியூரினால் வெட்டிய என்கிரேவிங்; அதிலும் வட்டக் கண்ணாடிகள் வழியே வந்த வெயில் சுவரில் வட்டமாக விழுகிறது. ஆகவே விளக்கை இழப்பதால் மரபை இழக்கவில்லை. ஜெரோம் பெத்லகேமில் இறந்தது 420இல். நம் சர்வநந்தி எழுதியது 458இல். இரண்டு துறவிகளும் ஏறக்குறைய அடுத்தடுத்த தலைமுறை என்பதே உங்கள் படத்துக்குப் போதிய நியாயம்.

ஆனால் அந்தக் கல் ஜன்னலை அப்படியே கொண்டுவர வேண்டாம். பாடலிப் பள்ளியின் கட்டடம் எதுவும் நிற்கவில்லை. பள்ளியையும் முனிவர் உறைவிடமான பாழியையும் இடித்துக் கொண்டுபோய் பல்லவ மன்னன் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. மதுரைப் பக்கத்துக் குகைப் படுக்கைகளை வைத்தும் வரைய முடியாது, கெடிலக்கரையில் குன்று ஏது? தாழ்ந்த கூரை வேய்ந்த, முன்னால் மணல் முற்றம் உள்ள கட்டடமாக எடுத்துக்கொண்டால் இந்த மண்ணுக்குப் பொருந்தும். இதில் ஒளிக்கே ஒரு தனிக் குணம் வரும். தாழ்வாரம் மேல் வெளிச்சத்தை அடைத்துவிடும். வெயில் மணலில் பட்டுத் தெறித்து கீழிருந்து மேலே ஏறும். தரை வெளிச்சம், முகவாயும் மார்பும் வெளிச்சம், நெற்றியும் கூரையும் இருட்டு. உங்கள் அடர்ந்த குறுக்குக்கோடு முழுக்கத் தகட்டின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குப் போய்விடும்.

மேசையும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். ஓலையை மேசையில் வைத்து எழுத மாட்டார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணி. எழுத்தாணியின் முனை இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு தடத்தில் தாங்கி நிற்கும். எழுத எழுத ஓலைதான் இடப்பக்கம் நகரும், எழுத்தாணி பெரிதாக நகராது. இரண்டு கையும் நெஞ்சுக்கு அருகில் சேர்ந்திருக்கும் இந்த நிலைதான் படத்தின் உயிர். இறகுப் பேனா பிடிப்பதுபோல் முழங்கை அகல விரித்து வரைந்தால் அது ஐரோப்பியத் துறவிக்கு வேட்டி உருவின மாதிரி இருக்கும்.

திகம்பர முனிவர் வைத்துக்கொள்ளக்கூடியது மூன்றே: மயிற்பீலி, குண்டிகை (தண்ணீர்ச் செம்பு), சுவடி. தலைமயிர் பறித்த தலை. ஆடை கிடையாது, சம்மணமும் முன்னால் வைத்த சுவடிக்கட்டும் போதும், வேறு மறைப்பு தேவையில்லை. டூரர் படத்தில் உத்தரத்தில் ஒரு பெரிய சுரைக்காய் தொங்கும். உங்கள் படத்தில் அந்த உருண்டை வடிவத்துக்கு முனிவரின் குண்டிகை இருக்கிறது, அதைத் தரை வெளிச்சத்தில் வையுங்கள்.

கடைசியாக ஓலை. எழுத்தாணி கீறிய எழுத்து கரி தடவும்வரை கண்ணுக்குத் தெரியாது. எழுதி முடித்த பிறகுதான் கரியை எண்ணெயோடோ இலைச் சாற்றோடோ குழைத்துத் தேய்த்துத் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். எனவே முனிவர் கையில் இருக்கும் ஓலை வெற்றோலை போலத்தான் தெரிய வேண்டும். அதில் கறுப்பு எழுத்து போடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் ஓலை கயிற்றில் கோத்திருக்கவும் கூடாது, தனியாக இருக்கும். துளையிட்டுக் கயிறு கோத்து மரச்சட்டம் வைத்த கட்டு பக்கத்தில். பனையோலை அகலம் மூன்று, நான்கு செ.மீ.தான், கைக்கு ஒப்பிட்டு அளவு பாருங்கள், பலர் செய்தித்தாள் அகலத்துக்கு வரைந்துவிடுகிறார்கள். புதுச்சேரி செயின்ட் லூயிஸ் வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரிய ஓலைச்சுவடித் தொகுப்பு இருக்கிறது. புதுச்சேரியின் சைவ சித்தாந்தச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. அனுமதி கேட்டு ஒரு கட்டை நேரில் பார்த்துவிட்டு வரைவது நல்லது.

விளக்கொளிதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், உங்கள் ஊரிலேயே ஞானியார் மடம் இருக்கிறது. ஞானியார் அடிகள் (1873–1942) காலத்து மடம், ஏடும் அச்சுப் புத்தகமும் கலந்த மேசை, விளக்கு, எல்லாம் பொருந்தும். அது இரண்டாவது தகடாக இருக்கட்டும்.

கெடிலக்கரை

அக்கா, விளக்கை எடுத்தாயிற்று. கூரை நிழல் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. வெற்றோலைதான் படத்திலேயே மிக வெளிச்சமான இடம் என்று வைக்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். அச்சில் இடம் வலம் மாறுவதை எப்படிச் சமாளிப்பது? கூரை இருட்டுக்கு இத்தனை அடுக்குக் கோடு போடுவதற்குப் பதில் அக்வாடிண்ட் (ரோசின் தூள் தூவி அரித்து, கோடில்லாமல் சீரான இருட்டு எடுப்பது) போட்டால் என்ன?

மைத்துணி (நெய்வேலி)

அக்வாடிண்ட் போடலாம் என்பது என் கருத்து. கூரைப் பகுதிக்கு ரோசின் தூளைத் துணிப்பையில் கட்டித் தூவி, அடியில் சூடு காட்டி ஒவ்வொரு துகளும் கண்ணாடி மணி போல உருண்டதும் நிறுத்துவது. தூள் பாதிப் பரப்பை மூட வேண்டும். அதிகமானால் அரிப்பே நடக்காது, குறைந்தால் நீங்கள் ஏற்கெனவே பார்த்த சாம்பல் பள்ளம் திரும்ப வரும். ஈரக்காற்றில் ரோசின் கட்டிபடும், ஆகவே தூவும் முன் வெயிலில் காயவைத்து மறுபடி அரையுங்கள். முகமூடி அவசியம், தூள் பறக்கும் அறையில் நெருப்பு கூடாது. தூள் படிந்த பின்தான் அடுப்பு. இது பயமாக இருந்தால் ஸ்பிரே பெயிண்டைத் தூரத்திலிருந்து பனி போலத் தூவலாம்.

இட வலம்: படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, தாளைத் திருப்பி, காவித்தூள் தேய்த்த மெல்லிய தாளைக் கீழே வைத்துக் கிரவுண்ட் மேல் அழுத்தி எடுங்கள். புகை ஏற்றிக் கறுப்பாக்கிய கிரவுண்டில் செங்கோடு நன்றாகத் தெரியும். தகட்டில் முனிவர் இடக்கையில் எழுத்தாணி பிடித்திருந்தால்தான் அச்சில் வலக்கை. ஒரு சிறு கண்ணாடியை எதிரே நிறுத்தி அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தால் குழப்பம் வராது.

அச்சுக்கு: கையால் செய்த பருத்தித் தாள் புதுச்சேரியிலேயே கிடைக்கும், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தாள் தொழிற்சாலை 1959 முதல் இருக்கிறது. பூ, நார், உமி கலந்த அலங்காரத் தாளை எடுக்காதீர்கள், நாரின் மேடு கோட்டை விழுங்கிவிடும். 250 கிராமுக்குக் குறையாத வெள்ளை, வழவழப்புப் பக்கம். பசை ஏற்றிய தாள் என்றால் ஊற நேரம் எடுக்கும். அரைமணி ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கு இடையே அழுத்தி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஓர் இரவு. மேற்பரப்பில் தண்ணீர் பளபளக்கக் கூடாது, தொட்டால் குளிர்ச்சி மட்டும். இரண்டு நாளுக்கு மேல் சுற்றி வைத்தால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மை வெயிலில் இளகி ஓடும். மெக்னீசியம் கார்பனேட் தூள் சிறிது குழைத்துக் கெட்டியாக்குங்கள். துடைக்கக் கஞ்சி போட்ட மல்துணி, கசக்கி மென்மையாக்கியது. வட்டமாகத் துடைக்க வேண்டும், கோட்டின் திசையில் இழுத்தால் மை வெளியே வந்துவிடும். கூரைப் பகுதியில் மெல்லிய மைப்படலம் விட்டு, தரைப் பகுதியை உள்ளங்கையால் துடைத்து, ஓலையை மட்டும் பஞ்சு சுற்றிய குச்சியால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள்.

செம்புத்தகடு

மைத்துணி சொன்ன அச்சு முறையோடு உடன்படுகிறேன், அக்வாடிண்ட்டோடு இல்லை. அது தட்டையான இருட்டு. கூரைக்குள் கீற்று, மூங்கில், கயிறு எல்லாம் இருட்டிலும் லேசாகத் தெரிய வேண்டும். கோட்டு அடுக்கில் அது தானாக வரும், கோட்டின் திசையையே கீற்றின் திசையாக வைத்தால் போதும். மேலும் ஓலையில் கீறித்தான் எழுத்து, செம்பில் கீறித்தான் படம். இந்தப் பொருளுக்குக் கோடு பேசட்டும் என்பது என் பிடிவாதம். முடிவு உங்களுடையது.

கட்டம் கட்டமாக அரிப்பதற்கு என் யோசனை. முதலில் முற்றம், முகவாய், குண்டிகையின் ஒளிப்பக்கம்: உங்கள் படிக்கட்டுத் துண்டில் மெல்லிய சாம்பல் தந்த நேரம், இந்த வெயிலுக்கு நான்கைந்து நிமிடமாக இருக்கலாம். எடுத்துக் கழுவிக் காயவைத்து, தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அந்த இடங்களை மூடுங்கள். ஸ்பிரிட் மெழுகு கிரவுண்டைக் கரைக்காது, அதனால்தான் இது வசதி. முழுக்கக் காயாமல் கரைசலில் போட்டால் ஓரத்தில் ஊடுருவும். ஈரக்காற்றில் காய நேரமாகும், மின்விசிறியடியில் அரைமணி கொடுங்கள். பிறகு உடலும் பின்சுவரும், பிறகு கூரையின் முதல் திசை. அத்தனை மூடலும் கூரை எல்லையில் ஒரே கோட்டில் முடியக் கூடாது, கத்தரித்த மாதிரித் தெரியும். பல்பல்லாக உள்ளே வெளியே ஏற்றி இறக்கி மூடுங்கள். ஒளி மெல்லக் குறைவது அப்படித்தான் வரும்.

ஓலைக்கு ஒரு கோடும் வேண்டாம். அதன் கீழ் விளிம்பு நிழலையும் விரல்களையும் மட்டும் வரைந்தால் ஓலை தானாக எழும். அங்கே தவறி ஏதாவது அரித்துவிட்டால் ஸ்கிரேப்பரால் சீவி, எண்ணெய் தொட்டுப் பர்னிஷரால் தேய்த்துவிடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் தகட்டின் பின்பக்கத்திலிருந்து அந்த இடத்தை மெல்லத் தட்டி மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழியில் மை தேங்கும்.

தகட்டின் நான்கு விளிம்பையும் 45 டிகிரியில் அரத்தால் சரித்து வழவழப்பாக்காமல் பிரஸ்ஸில் ஏற்றாதீர்கள், தாளும் அதன் மேல் விரிக்கும் கம்பளியும் வெட்டுப்படும். பிரஸ் இல்லாவிட்டால் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் கிராபிக்ஸ் கூடத்தில் விசாரியுங்கள். தகட்டை எடுத்துப் போகும்வரை வாஸ்லின் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், உப்புக்காற்றில் இரண்டு நாளில் பச்சை பிடிக்க ஆரம்பிக்கும்.

கழிவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய பெர்ரிக்கில் கரைந்த செம்பு இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால் நேரே கெடிலத்துக்கும் உப்பங்கழிக்கும் போகும், மீனுக்கு விஷம். பெரிய வாளியில் தண்ணீர் கலந்து, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரைத்துப் பொங்கும். நுரைப்பு நின்று பிஎச் தாள் 7, 8 காட்டும்வரை போட வேண்டும். ஓர் இரவு விட்டால் சேறு அடியில் தங்கும். மேல் நீரை வடித்து, சேற்றைத் துணியில் வடிகட்டிக் காயவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் "செம்புக் கழிவு" என்று எழுதி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். மொசைக் தரையில் ஒரு சொட்டு பெர்ரிக் விழுந்தாலும் மஞ்சள் கறை போகாது, எனவே வாளியின் கீழே பழைய தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.